புல்வெளியை உழ வேண்டாம், பழைய கரும்பு நிலத்தில் மொச்சை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலத் தீவனப் பற்றாக்குறை பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை வேண்டிய நேரத்தில் வந்தது. ஜூன் தொடங்கி மழை விழும்வரை தென் ஆப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டாலில் புல் நிற்கிறது, ஆனால் அதில் சத்து நிற்பதில்லை. மேட்டு நிலத்துப் புளிப்புப் புல் முற்றியதும் புரதம் வேருக்கு இறங்கிவிடும். மாடு நாள் முழுக்க மேய்ந்தும் விலா எலும்பு தெரிகிறது என்றால் காரணம் இதுதான்.

கட்டுரை சொன்ன தீர்வுகள் இரண்டு: லூசர்ன் எனப்படும் குதிரைமசால், சூபாபுல் எனப்படும் சவுண்டல் மரம். இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. குதிரைமசாலுக்குப் புளிப்பில்லாத, ஆழமான, நீர் தேங்காத மண் வேண்டும். தொங்காட், வெருலம், ஸ்டேங்கர் பக்கத்து நிலங்களில் கரும்புக்கு ஆண்டுக்கணக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் போட்டு மண் புளித்துக் கிடக்கிறது. டன் கணக்கில் சுண்ணாம்பு கொட்டாமல் அங்கே குதிரைமசால் இரண்டாம் அறுவடையைத் தாண்டாது. அதோடு கடற்கரை ஈரக்காற்றில் இலைநோயும் சேர்ந்துகொள்ளும். சவுண்டல் விஷயம் இன்னும் கவலைக்குரியது. இந்த நாட்டுச் சட்டப்படி அது பட்டியலிடப்பட்ட ஆக்கிரமிப்பு மரம். ஆற்றோரத்தில் ஒன்று நின்றால் போதும், நெற்று வெடித்து விதை கொட்டிக்கொண்டே இருக்கும். வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். ஊர் ஓடைகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அயல் மரத்தைத் தேடிப் போகத் தேவையே இல்லை. நம் சமையலறையில் என்றும் இருக்கிற மொச்சையின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அதன் காட்டு வகை இன்றும் கிழக்கு, தென் ஆப்பிரிக்காவில் புதர் ஓரங்களிலும் புல்வெளி விளிம்புகளிலும் கொடியாகப் படர்கிறது. காய் நான்கு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். முற்றினால் வெடித்துச் சிதறும். இங்கிருந்து போனது இந்தியாவில் பல நூறு ரகங்களாகப் பெருகி, மொச்சை, அவரை, கொடியவரை என்று நம் முன்னோர் மூட்டையில் திரும்ப வந்தது. விதைக் கடையில் இதை டாலிகோஸ் என்பார்கள், சிலர் லேப்லேப் என்பார்கள். எல்லாம் ஒரே செடி. மாட்டுக்குத் தீவனம், வேலிக்குப் பூ, தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உணவு என்று மூன்றுக்கும் இது உதவும். ஆனால் போடும் முறையில் போட வேண்டும். பலர் ஒருமுறை போட்டுப் பார்த்து, மஞ்சளடித்துப் போனதும் கைவிட்டுவிட்டார்கள். எதனால் அப்படி ஆகிறது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

முதலில் எங்கே போடக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறோம். உழப்படாத புல்வெளியில் போடக் கூடாது. 1983ஆம் ஆண்டின் 43ஆம் எண் வேளாண் வளப் பாதுகாப்புச் சட்டப்படி, கடந்த பத்தாண்டுகளில் பயிரிடப்படாத நிலம் கன்னி நிலம். எழுத்து மூலம் அனுமதி பெறாமல் அதை உழுவது குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அந்தப் புல்வெளியில் எரியோசெமா, ரிங்கோசியா, இண்டிகோஃபெரா என்று அவரைக் குடும்பத்துக் காட்டுச் செடிகள் ஏராளம். கட்டை போன்ற வேரை மண்ணுக்குள் புதைத்து வைத்துக்கொண்டு, குளிர்காலத் தீ போன கையோடு முதல் ஆளாகப் பூப்பவை இவை. ஒருமுறை கலப்பை போனால் அவை மீள்வதில்லை, பிடுங்கி நட்டாலும் பிழைப்பதில்லை. கடற்கரையை ஒட்டிய மணற்கல் புல்வெளி ஏற்கெனவே கரும்புக்கும் வீட்டுக்கும் போய் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கிறது. மொச்சைக்கு உரிய இடம் கைவிட்ட கரும்பு நிலம், மக்காச்சோளம் அறுத்த வயல், காய்கறித் தோட்டத்தின் ஓரம், வீட்டு வேலி. இவை போதும்.

பழைய கரும்பு நிலத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கரும்புக்கு அடித்த டையூரான், ஹெக்ஸாசினோன் போன்ற களைக்கொல்லிகள் மண்ணில் நெடுநாள் தங்கும். மக்காச்சோளத்துக்கு அடிக்கும் அட்ரசினும் அப்படியே. அந்த மண்ணில் மொச்சை நன்றாகத்தான் முளைக்கும். மூன்றாவது இலை விடும்போது இலையோரம் மஞ்சளாகிக் கருகி, செடி சுருண்டுவிடும். விதை சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுவதில் பயனில்லை. விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே நிலத்தில் நாலைந்து இடத்தில் மேல்மண் எடுத்துத் தொட்டியில் போட்டு, பத்துப் பதினைந்து மொச்சையோ பீன்ஸோ விதையுங்கள். பக்கத்தில் வேறு நல்ல மண்ணில் ஒரு தொட்டி வையுங்கள். மூன்று வாரத்தில் இரண்டும் ஒரே பச்சையாக இருந்தால் விதைக்கலாம். இல்லையென்றால் அந்த ஆண்டு மொச்சை போடாமல் விட்டு அடுத்த ஆண்டு பாருங்கள்.

மண் பரிசோதனைக்கு ஹோவிக் அருகே சீடாராவில் உள்ள மாகாண வேளாண் துறைக் கூடம் வசதியானது. அறிக்கையைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் தரும் பிஎச், அதாவது மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அளந்தது, தண்ணீரில் அளப்பதைவிட ஏறத்தாழ ஒரு புள்ளி குறைவாகக் காட்டும். புத்தகங்களில் மொச்சைக்குச் சொல்லும் 4.5 முதல் 7.5 வரை என்ற அளவு பொதுவாகத் தண்ணீரில் அளந்தது. அறிக்கையில் 4.3 என்று பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். மணிச்சத்துதான் (பாஸ்பரஸ்) இங்கே பெரும்பாலும் குறைபடுகிறது. அறிக்கை வேறு மாதிரி சொல்லாவிட்டால் ஹெக்டேருக்கு 20 கிலோ மணிச்சத்து, அதாவது 10.5 சதவீத சூப்பர் பாஸ்பேட் என்றால் ஏறக்குறைய 190 கிலோ. அதை விதைக்குச் சற்றுப் பக்கவாட்டில் போடுங்கள், விதையைத் தொடும்படி வேண்டாம். கோழி எரு கைவசம் இருக்கிறதே என்று கொட்டுவதுதான் தோட்டக்காரர்கள் செய்யும் பெரிய தவறு. தழைச்சத்து கூடினால் வேரில் முடிச்சு விழாது. கொடி மட்டும் பந்தலை மூடும், பூ வராது.

அடுத்து, எப்போது விதைப்பது. ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழமொழி இந்த மண்ணுக்குப் பொருந்தாது. கோயில்களில் ஆடிக் கூழ் ஊற்றும் நாட்களில் இங்கே மண் காய்ந்தும் குளிர்ந்தும் கிடக்கிறது. மொச்சை முளைக்க மண் சூடு 18 பாகைக்கு மேல் வேண்டும். கடற்கரையில் புரட்டாசி விரதம் முடிந்து ஐப்பசி பிறக்கும்போது, அதாவது அக்டோபர் நடுவிலிருந்து, நல்ல மழை ஒன்று விழுந்த பின் விதைக்கலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே, உறைபனி விழும் ஊர்களில், நவம்பர். தீவனத்துக்கு டிசம்பர் கடைசிவரை தாமதிக்கலாம், அதற்கு மேல் போனால் தழை குறையும்.

பூக்கும் காலமும் பலரைக் குழப்புகிறது. தமிழ்நாட்டில் பொங்கலுக்கு மொச்சை வந்துவிடுகிறதே, இங்கே ஏன் ஜனவரியில் இலையாகவே நிற்கிறது என்று கேட்கிறார்கள். பெரும்பாலான கொடி ரகங்கள் பகல் சுருங்கினால்தான் பூக்கும். அங்கே பகல் சுருங்குவது கார்த்திகை, மார்கழியில். இங்கே பொங்கல் வருவது கோடையின் நடுவில், பகல் நீண்டிருக்கும்போது. மார்ச் 21 கடந்து பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே இறங்கிய பின்தான் பூக்குருத்து கிளம்பும். காய் சித்திரை, வைகாசியில்தான். ஜனவரியில் பூ இல்லையே என்று உரம் போடுவதும் கொடியைப் பிடுங்குவதும் வீண். பொங்கலுக்குக் காய் வேண்டுமென்றால் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை ரகம் போடுங்கள். ஆனால் அதில் தீவனம் எதிர்பார்க்காதீர்கள்.

கடையில் கிடைக்கும் தீவன ரகங்கள் பெரும்பாலும் இரண்டு. ரோங்காய், கென்யாவின் ரோங்காய் பகுதியிலிருந்து எடுத்தது, 1962இல் ஆஸ்திரேலியாவில் வெளியிடப்பட்டது. வெள்ளைப் பூ, பழுப்பு விதை, தாமதமாகப் பூக்கும், தழை அதிகம். ஹைவொர்த், தென்னிந்தியாவிலிருந்து போனது, 1973இல் வெளியானது. ஊதாப் பூ, கருப்பு விதை, ரோங்காய்க்கு முன்பே பூக்கும், விதையும் அதிகம் தரும். பனி விழாத கடற்கரையில் மேய்ச்சலுக்கு ரோங்காய் மேல். விதை சேர்க்க, வேலியில் அழகுக்கு, பனி சீக்கிரம் வரும் மேட்டு ஊர்களில் காய் காண ஹைவொர்த்தான் சரி. வீட்டில் தலைமுறையாக வைத்திருக்கும் மொச்சை விதையும் தாராளமாகப் போடலாம்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம், வேர்முடிச்சு. மொச்சை காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிப்பது வேரில் குடியிருக்கும் நுண்ணுயிரால். அதை விதையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். கடையில் கேட்டால் சோயா பாக்கெட்டை எடுத்து நீட்டுவார்கள், ஏனென்றால் இந்த மாகாணத்தில் அதிகம் விற்பது அதுதான். சோயாவின் நுண்ணுயிர் வேறு. அது மொச்சையில் முடிச்சுப் போடாது. தட்டைப்பயறு வகை, அல்லது டாலிகோஸ் என்றே எழுதியிருக்கும் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும். வாங்கியதைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைய வைக்காதீர்கள், காரின் பின்பக்கம் வெயிலில் விடாதீர்கள்.

கலக்கும் முறை ஊரில் செய்வதுதான். அரிசிக் கஞ்சியை ஆற வைத்து, விதை நனையும் அளவு தெளித்துப் பிசறி, பாக்கெட்டில் எழுதிய அளவு பொடியைத் தூவி, ஒவ்வொரு விதையிலும் கருப்பு ஒட்டும்வரை புரட்டுங்கள். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே ஈர மண்ணில் விதைத்துவிட வேண்டும். பூஞ்சைக்கொல்லி பூசிய விதையோடு கலந்தால் நுண்ணுயிர் செத்துவிடும். புளித்த மண்ணில் மாலிப்டினம் என்ற நுண்சத்தும் குறைவாக இருக்கும். அது இல்லாமல் முடிச்சு இருந்தும் வேலை செய்யாது. விதைநேர்த்திக்கு விற்கும் மாலிப்டினத்தைச் சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள், அதிகமானால் நுண்ணுயிருக்கே கேடு.

முடிச்சு வேலை செய்கிறதா என்று ஆறாவது வாரத்தில் பார்க்கலாம். செடியைப் பிடித்து இழுக்கக் கூடாது, முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் கட்டியாகப் பெயர்த்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி மண்ணைக் கரைய விடுங்கள். ஆணிவேரின் கழுத்துப் பக்கம் மிளகளவு உருண்டைகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, புதுக்காயம் போல இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருந்தால் இல்லை. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். வேரே தடித்துக் கணுக்கணுவாக வீங்கி, தேய்த்தாலும் வராவிட்டால் அது நூற்புழு. கடலோர மணல் மண்ணில் இது அதிகம். அந்த இடத்தில் அடுத்து தக்காளி, கத்தரி, வெண்டை போடாதீர்கள், அவற்றிலும் ஏறும்.

விதைப்பு அளவு. வரிசைக்கு வரிசை 90 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30. ஹெக்டேருக்கு ஏறத்தாழ 37,000 செடி வரும். தீவன ரகத்தில் கிலோவுக்கு 4,000 விதை போல இருப்பதால் கணக்குக்கு ஒன்பது கிலோ போதும், முளைக்காததையும் பறவை எடுப்பதையும் சேர்த்து 12 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு ஐந்து கிலோ. வீட்டுக்குப் பின்னால் இருபதுக்கு இருபது மீட்டர் இடமென்றால் அரைக் கிலோ. களிமண்ணில் நாலைந்து சென்டிமீட்டர் ஆழம், மணலில் ஆறேழு. தீவன ரகத்தை ஊற வைக்கத் தேவையில்லை. ஊற வைத்த விதை குளிர்ந்த மண்ணில் விழுந்தால் அழுகும். இதன் முளை வித்திலைகளை மேலே தூக்கிக்கொண்டு வரும். விதைத்த மறுநாள் பெருமழை அடித்து மண் பொறுக்குத் தட்டினால் கழுத்து ஒடிந்துவிடும். ஐந்தாம் நாள் பல்வாரியால் லேசாகக் கீறி விடுங்கள். முதல் ஆறு வாரம் செடி மெதுவாகத்தான் நகரும், அந்த நாட்களில் இரண்டு களை எடுத்தே ஆக வேண்டும். பிறகு அதுவே நிலத்தை மூடிக்கொள்ளும்.

மக்காச்சோளத்தோடு சேர்த்துப் போடுபவர்கள் இரண்டையும் ஒரே நாளில் விதைக்க வேண்டாம். மொச்சை தட்டையில் சுற்றி ஏறிச் சாய்த்துவிடும், கதிர் பறிப்பது பெரும்பாடாகிவிடும். மக்காச்சோளம் முளைத்து மூன்று நான்கு வாரம் கழித்து, முழங்கால் உயரம் வந்ததும் இடைவரிசையில் போடுங்கள். அந்த வயலில் அட்ரசின் அடிக்கக் கூடாது.

மேய்ச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விதைப்பில் தப்பித்தவர்களும் இதில் கெடுத்துக்கொள்கிறார்கள். விதைத்து எட்டு முதல் பத்து வாரத்தில் முதல் மேய்ச்சல். மாட்டுக்கு வேண்டியது இலை. தண்டு நாராக இருக்கும், சத்தும் குறைவு. இலையில் புரதம் நூற்றுக்கு இருபதுக்கு மேல், தண்டில் அதில் பாதி இருந்தாலே அதிகம். மின்வேலியால் கீற்றுக் கீற்றாகப் பிரித்து, இலையில் பெரும்பங்கை மேய்ந்ததும் மாட்டை நகர்த்துங்கள். துளிர்ப்பது தண்டின் கணுக்களிலிருந்துதான், அடிக்கட்டையிலிருந்து அல்ல. தரையோடு மேய விட்டால், அல்லது ஒரு சாணுக்குக் கீழே அறுத்தால், அத்தோடு முடிந்தது. 25, 30 சென்டிமீட்டர் கட்டை கொஞ்சம் இலையோடு நிற்க வேண்டும். அப்படி விட்டால் ஐந்தாறு வாரத்தில் இரண்டாம் மேய்ச்சல், மழை கைகொடுத்தால் மூன்றாவதும் கிடைக்கும். நல்ல ஆண்டில் ஹெக்டேருக்கு நாலு முதல் ஆறு டன் உலர்தீவனம் எதிர்பார்க்கலாம்.

பசியோடிருக்கும் மாட்டை நேரே மொச்சைக்குள் விடாதீர்கள். வயிற்று உப்புசம் இதில் அரிதுதான், என்றாலும் இளந்துளிரை மட்டும் வயிறு முட்டத் தின்றால் வரும். முதலில் உலர்புல் போட்டு, நாளுக்கு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று ஒரு வாரத்தில் பழக்குங்கள். பால் மாட்டைக் கறந்த பிறகு விடுங்கள், கறப்பதற்கு முந்தைய மூன்று நான்கு மணி நேரம் விடாதீர்கள், பாலில் வாடை ஏறும். வெள்ளாட்டுக்கு அறுத்துப் போடுவது நல்லது. 40 கிலோ ஆடு ஒன்றுக்கு நாளுக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ பச்சைத் தழை, மீதி புல். அதற்கு மேல் கொடுப்பது விரயம். உலர்ந்த மொச்சை விதையைப் பச்சையாகக் கோழிக்கும் பன்றிக்கும் போடவே கூடாது, செரிமானத்தைக் கெடுக்கும் பொருட்கள் அதில் உண்டு. மனிதருக்கும் இதே விதிதான். இரவு முழுக்க ஊற வைத்து, தோலைப் பிதுக்கி எடுத்து, வேக வைத்த தண்ணீரை வடித்துவிட வேண்டும். கருப்பு விதையில் இதை இன்னும் கண்டிப்பாகச் செய்யுங்கள். பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கும் வீடுகளுக்கு இது புதிதல்ல.

பனி விழும் ஊர்களில் முதல் பனிக்கே இலை கருகி உதிரும், தண்டுதான் மிஞ்சும். ஏப்ரல் கடைசிக்குள் மேய்த்தோ அறுத்தோ முடித்துவிடுங்கள். உலர்த்துவதில் சிரமம் என்னவென்றால் இலை ஒரு நாளில் காய்ந்துவிடும், தண்டு காய நாலைந்து நாளாகும். அதற்குள் இலை நொறுங்கிக் கொட்டிவிடும். பூ தொடங்கும்போது அறுத்து, ஒரு நாள் வாட விட்டு, பனி ஈரம் இருக்கும் காலையிலேயே புரட்டி, கம்பி வேலியில் தொங்க விடுங்கள். ஊறுகாய்ப் புல்லாக்குவது, அதாவது காற்றுப்புகாமல் மூடிப் புளிக்க வைப்பது, இன்னும் பத்திரம், ஆனால் மொச்சையை மட்டும் போட்டால் சர்க்கரை போதாமல் நாறிவிடும். எடையில் ஒரு பங்கு மொச்சைக்கு இரண்டு பங்கு பால் பிடித்த மக்காச்சோளம், இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாயில் காலால் மிதித்துக் காற்றை வெளியேற்றி மூடுங்கள்.

வீட்டு வேலிக்கு விதைப்பவர்கள் ஒரு மீட்டருக்கு ஒரு குழி, குழிக்கு மூன்று விதை போட்டு, நன்றாக வருவதில் ஒன்றை விட்டால் போதும். கொடி ஐந்தாறு மீட்டர் ஓடும், மெல்லிய வலை தாங்காது. காட்டு வகையின் விதை கிடைத்தால் வேலி ஓரத்தில் அதுவும் போடலாம், ஆண்டுக்கணக்கில் நிற்கும். அதன் தோல் கடினம். தழும்பு இருக்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கத்தில் உப்புத்தாளால் வெள்ளை தெரியும்வரை தேய்த்து, இரவு ஊற வைத்து, உப்பியதை மட்டும் விதையுங்கள். இயற்கைக் காப்பகங்களில் விதை பறிக்காதீர்கள், தனியார் நிலமென்றால் உரிமையாளரைக் கேளுங்கள்.

பூ வந்ததும் காலை எட்டு மணிக்கு வேலியோரம் நின்று பாருங்கள். கட்டைவிரல் பருமனான தச்சுத்தேனீ பூவின் கீழிதழில் உட்காரும். அதன் கனத்தில் இதழ் தாழ, உள்ளே மறைந்திருந்த மகரந்தத் தண்டு வெளியே வந்து தேனீயின் உடலில் தடவிவிட்டுத் திரும்ப உள்ளே போகும். சிறிய தேனீக்கு அந்த இதழைத் தாழ்த்தும் பலம் போதாது. மொச்சை தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும் என்றாலும் இந்தத் தேனீக்கு இது இலையுதிர் காலத்தில் கிடைக்கும் நல்ல தீனி. பக்கத்தில் உலர்ந்த மரக்கட்டை ஒன்றை விட்டு வையுங்கள், அதில்தான் துளையிட்டு அது கூடு வைக்கும். பட்டாணி நீலன் என்ற சின்னஞ்சிறு வண்ணத்துப்பூச்சி பூமொட்டில் முட்டையிடும். அதன் புழு சில மொட்டைத் தின்னும், அதற்காக மருந்தடிக்க வேண்டாம். வயலில் ஒரு ஓரமாக இரண்டு மீட்டர் அகலப் பட்டை ஒன்றை மேய்க்காமல் விதை முற்ற விட்டால், சிந்தும் விதையைக் கினிக்கோழியும் காட்டுக்கௌதாரியும் பொறுக்கும், அந்தியில் டைக்கர் மான் தழைக்கு வரும். குரங்கும் வரும். அதற்கு இளங்காய் மிகப் பிடிக்கும். காட்டை ஒட்டிய வீடுகளில் காயை நம்பாமல் பூவுக்கும் தழைக்கும் மட்டும் போடுவது மனதுக்கு நிம்மதி.

காய்ப்புழு மிஞ்சினால் புழு சிறிதாக இருக்கும்போதே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் கலந்த மருந்தை மாலையில் அடியுங்கள். பூத்த கொடியில் பகலில் பைரித்திராய்டு வகைப் பூச்சிக்கொல்லி அடிப்பது தேனீயைக் கொல்வது. குருத்தில் மொய்க்கும் கருப்பு அசுவினிக்குத் தண்ணீர்ப் பீய்ச்சலும் நுனி கிள்ளலும் போதும்.

விதை சேர்க்கும்போது பயறு வண்டு ஒன்றே உண்மையான எதிரி. வயலிலேயே காயின்மேல் முட்டையிட்டுவிடும், விதையை டப்பாவில் போட்டு மூடிய பிறகுதான் தெரியும். தோலில் வட்டமாக ஒரு சன்னல் மங்கலாகத் தெரிந்தால் உள்ளே வண்டு வெளிவரத் தயார். முற்றிய நெற்றை உடனுக்குடன் பறித்து, பல்லால் கடித்தால் நொறுங்கும்வரை காய வைத்து, காற்றுப்புகாத பையில் இரண்டு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச்சூட்டுக்கு வர விட்டுப் பிறகு திறக்க வேண்டும், இல்லையென்றால் விதைமேல் நீர் கோத்துக்கொள்ளும்.

தாழ்வான, மழையில் நீர் நிற்கும் மணல் நிலம் வைத்திருப்பவர்களுக்கு மொச்சை ஆகாது, வேர் அழுகும். அவர்கள் தேட வேண்டியது லோட்டோனோனிஸ். தென் ஆப்பிரிக்காவிலேயே பிறந்த படர்செடி, ஈர மணலைத் தாங்கும். குயின்ஸ்லாந்தில் மைல்ஸ் என்ற பெயரில் மேய்ச்சல் பயிராக்கினார்கள், பிறந்த மண்ணில் நாம்தான் கண்டுகொள்ளவில்லை. விதை தூசி போல இருக்கும், ஹெக்டேருக்கு ஒரு கிலோ கூடத் தேவையில்லை, மேலாகத் தூவி அழுத்திவிட்டால் போதும். ஆனால் அதற்கென்றே உள்ள இளஞ்சிவப்பு நிற நுண்ணுயிர் இல்லாமல் அது பிழைக்காது. மொச்சைப் பாக்கெட் அதற்கு உதவாது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சவுண்டல் பற்றிய திருத்தத்தை மட்டுமாவது அடுத்த இதழிலேயே வெளியிடுங்கள். செப்டம்பர் மழைக்கு முன் நாற்று வாங்கி நட்டுவிடுவார்கள், நட்ட மரத்தை வேரோடு எடுப்பது எளிதல்ல. தட்டைப்பயறு வகை நுண்ணுயிர்ப் பாக்கெட்டை ஆகஸ்டிலேயே கடையில் சொல்லி வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் போட்டால் இந்தப் பருவத்துக்கே பயன்படும்.

இப்படிக்கு,
ஆடு மாடும் காய்கறியும் வளர்க்கும் வாசகர்கள் சிலர்,
வெருலம், குவாசுலு-நேட்டால்